மூரே பேசிய பிரெஞ்சுப் படம்

1985இல் பாரிஸில் நடந்த சேசார் விருது விழாவில் (பிரெஞ்சுக்காரர்களின் ஆஸ்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 'சிறந்த பிராங்கோஃபோன் திரைப்படம்' என்று ஒரு விருது கொடுத்தார்கள். பிராங்கோஃபோன் என்றால் பிரெஞ்சு பேசுகிற என்று அர்த்தம். விருதைத் தட்டிச் சென்ற படம் 'வெண்ட் கூனி'. எடுத்தவர் காஸ்தோன் கபோரே. ஊர், மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் புர்கினா ஃபாசோ.

இதுல என்ன விசேஷம்னு கேக்கறீங்களா? படத்தில் பேசுகிற மொழி மூரே. மோசி இன மக்களின் தாய்மொழி. கதை நடக்கும் காலமோ, வெள்ளைக்காரன் அந்தப் பக்கம் கால் வைப்பதற்கு முந்தைய காலம். அதுக்கும் மேல, படத்தின் நாயகனான சிறுவனுக்குப் பேச்சு வராது. காட்டில் மயங்கிக் கிடந்தவனை ஒரு வியாபாரி எடுத்து வந்து ஒரு குடும்பத்தில் விடுகிறான், அவர்கள் 'கடவுள் கொடுத்தது' என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி அவன் வாயைத் திறப்பதே இல்லை. ஆக, பேசாத பையனை வைத்து மூரே மொழியில் எடுத்த படம், பிரான்ஸ் கணக்கில் பிரெஞ்சு மொழிப் படம் :-)

காரணம் ரொம்ப சிம்பிள். அந்த நாடு முன்னாள் பிரெஞ்சு காலனி. ஆபீஸ் மொழி பிரெஞ்சு. அதனால் நாடு 'பிராங்கோஃபோன்', நாட்டில் விளைகிற படமும் 'பிராங்கோஃபோன்'. லேபிள் ஒட்டியது பாட்டில் மேல், உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்கலை.

இன்றைக்கு பிரெஞ்சு மொழி சினிமாவுக்கென்றே ஊருக்கு ஊர் விழா எடுக்கிறார்கள். பெல்ஜியத்தில் நாமூர் நகரில் 1986 முதல் நடக்கிறது. பிரான்ஸில் ஆங்குலேம் நகரில் 2008இல் ஒன்று ஆரம்பித்தார்கள். கனடாவில் மாண்ட்ரியலில் ஒன்று. எல்லாம் நல்ல விழாக்கள்தான், குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்லை. ஆனால் 'பிரெஞ்சு மொழி சினிமா' என்கிற அந்த வார்த்தைக்குள் எத்தனை சண்டை புதைந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் இந்த ஊர்களுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. புர்கினாவின் தலைநகரம் வாகடூகுவுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பதுதான் ஃபெஸ்பாகோ. ஆப்பிரிக்க சினிமாவின் ஆகப் பெரிய திருவிழா. பேர் 'ஆப்பிரிக்க' விழாதான். ஆனால் அழைப்பிதழ் பிரெஞ்சு, சப்டைட்டில் பிரெஞ்சு, பல படங்களுக்குக் காசும் பிரெஞ்சு. படத்துக்குள்ளே இருக்கிறவர்கள் பேசுவது மட்டும் வேற.

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

1934 மார்ச்சில் பிரெஞ்சு காலனி அமைச்சர் பியர் லவால் பெயரில் ஓர் ஆணை வந்தது. காலனிகளில் யாராவது கேமரா தூக்க வேண்டுமென்றால் கவர்னரிடம் அனுமதி வாங்க வேண்டும். கதையைக் காட்ட வேண்டும், யார் யார் எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பேச்சுப்படம் வந்த புதுசு. ஒலியும் ஒளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. ஆப்பிரிக்கர்கள் படமெடுக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. அனுமதி வாங்கணும், அவ்ளோதான். பர்மிஷன் சிஸ்டத்தில் வேலை செய்த யாருக்கும் தெரியும், 'முடியாது' என்று சொல்லத் தேவையே இல்லை, அப்ரூவல் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

வெள்ளைக்காரர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். ரெனே வோத்தியே என்று 21 வயசுப் பையன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்க கிராம வாழ்க்கையைக் காட்ட ஒரு டாக்குமெண்டரி எடுத்து வா என்று 1949இல் அனுப்பினார்கள். போனவன் பார்த்தது கட்டாய வேலையும் எரிக்கப்பட்ட கிராமமும். அதையே எடுத்தான். ரீல்கள் பறிமுதல், அதே லவால் ஆணையில் வழக்கு, சிறை. தப்பித்த ரீல்களை வைத்து அவன் செய்த 'ஆஃப்ரீக் 50' நாற்பது வருடம் பிரான்ஸில் தடையில் இருந்தது.

இன்னொருத்தர் போலான் சுமானு வியேரா. இன்றைய பெனின் நாட்டில் பிறந்து, பாரிஸின் புகழ்பெற்ற திரைப்படப் பள்ளியில் படித்துத் தேறிய முதல் ஆப்பிரிக்கர். சொந்த மண்ணில் எடுக்க அனுமதி கிடைக்காததால் 1955இல் நண்பர்களோடு சேர்ந்து பாரிஸிலேயே ஒரு குறும்படம் எடுத்தார். தலைப்பு 'ஆஃப்ரீக் சுர் சேன்', சேன் நதிக்கரை ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கர்கள் எடுத்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று, அதில் ஆப்பிரிக்கா ஒரு ஞாபகமாகத்தான் வருகிறது.

1960இல் ஒன்றன்பின் ஒன்றாக சுதந்திரம். புர்கினாவுக்கு அப்போது பேர் 'ஓத் வோல்டா', அதாவது மேல் வோல்டா. கொடி மாறியது, கவர்னர் போனார். தியேட்டர் மட்டும் கை மாறவில்லை. கொமாசிகோ, செக்மா என்று இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகள். சுமார் 14 நாடுகளில் எந்த ஊரில் எந்த வாரம் எந்தப் படம் ஓட வேண்டும் என்று இந்த இரண்டு பேர் முடிவு செய்தார்கள். பழைய அமெரிக்கப் படங்கள், பிரெஞ்சுப் படங்கள், எகிப்துப் படங்கள், நம்ம ஊர் ஹிந்திப் படங்கள் எல்லாம் மலிவாக மொத்தமாக வாங்கி ஓட்டினார்கள். இதுல ஒரு ஆப்பிரிக்கர் படம் எடுத்துக்கொண்டு வந்தால் எங்கே போடுவது? சொந்த ஊர்த் தியேட்டரில் சொந்த ஊர்ப் படத்துக்கு ஸ்லாட் இல்லை. 

இந்த இடத்தில் உஸ்மான் செம்பேன் வருகிறார். இவரைப் பற்றித் தனியாக நாலு பதிவு போடலாம், இருந்தாலும் சுருக்கப் பார்க்கிறேன். 1923இல் செனகலில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சிப்பாய். பிறகு மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கேயே யூனியன், வாசிப்பு, நாவல் எழுத்து. பிரெஞ்சில் எழுதி எழுத்தாளராகப் பேர் வாங்கிய பிறகு அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களால் அவர் புத்தகத்தைப் படிக்க முடியாது. நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய் சினிமா கற்றுக்கொண்டு வந்தார். சினிமா தன் மக்களுக்கு ஓர் இரவுப் பள்ளி என்பார்.

ஆனால் பாருங்கள், சினிமாவுக்கு வந்தாலும் பிரெஞ்சு விடவில்லை. 1963இல் வந்த முதல் குறும்படம் 'போரோம் சாரெட்'டில் டக்கார் நகரத்து வண்டிக்காரன் பிரெஞ்சில் சிந்திக்கிறான். 1966இல் வந்த 'லா நுவார் த...' படத்தில் பிரான்ஸுக்கு வேலைக்காரியாகப் போகும் தியுவானா மனசுக்குள் சரளமான பிரெஞ்சில் புலம்புகிறாள். அந்தக் குரல்கூட நடித்த பெண்ணுடையது இல்லை, ஹைட்டி நாட்டுப் பாடகி ஒருவருடையது. தலைப்பைக் கவனியுங்கள். 'இன்னாரின் கருப்புப் பெண்' என்று சொல்ல வந்து, அந்த 'இன்னார்' வரவேண்டிய இடத்தில் மூணு புள்ளி. யாருடைய பெண் என்று நிரப்பாமல் விட்டிருக்கிறார். அந்தப் பெண் கடைசியில் எஜமானி வீட்டுக் குளியலறையில் தற்கொலை செய்துகொள்கிறாள். அந்த வருடம் துனிசியாவின் கார்த்தேஜ் விழா முதல்முறையாக நடந்தபோது அதன் தங்கப் பரிசு இந்தப் படத்துக்குத்தான்.

அடுத்த படம் 'மண்டாபி', 1968. இதற்கு பிரெஞ்சு அரசின் சினிமா நிதி கிடைத்தது. அதனால் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை எடுத்தார், பிரெஞ்சில் ஒருமுறை, வோலோஃப் மொழியில் ஒருமுறை. நம்ம ஊர்ல தமிழ்-தெலுங்கு இருமொழிப் படம் எடுப்பாங்களே, அந்த மாதிரி. ஆனால் இங்கே வியாபாரம் காரணமில்லை. ஒன்று காசு கொடுத்தவனுக்கு, இன்னொன்று ஊருக்கு. இன்று உலகம் பார்ப்பது அந்த வோலோஃப் படத்தைத்தான்.

கதையும் அதே விஷயம்தான். பாரிஸில் தெரு கூட்டும் அண்ணன்/அக்கா மகன் ஒருவன் டக்காரில் இருக்கும் இப்ராஹிமா தியெங் என்கிற மாமாவுக்கு மணியார்டர் அனுப்புகிறான். 'மண்டாபி' என்றாலே மணியார்டர்தான். 'மாந்தா' என்ற பிரெஞ்சு வார்த்தையை வோலோஃப்காரர்கள் தங்கள் வாய்க்குத் தகுந்த மாதிரி வளைத்துக்கொண்டது. போஸ்ட் ஆபீஸில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதுக்கு எந்த வருஷம் எந்த மாசம் பொறந்தேன்னு சொல்லணும். தியெங்குக்குப் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவனும் அவன் ஊர்க்காரன்தான், கருப்பன்தான், வீட்டில் வோலோஃப்தான் பேசுவான். நடுவில் இருக்கும் அந்தத் துண்டுக் காகிதம் மட்டும் பிரெஞ்சு. கடைசியில் படித்தவன் ஒருவன் உதவி செய்கிறேன் என்று சொல்லிப் பணத்தை அமுக்கிக்கொள்கிறான். 'பிராங்கோஃபோன் நாடு' என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது இந்தப் படம். அங்கே பிரெஞ்சு எல்லாரும் பேசுகிற மொழி இல்லை. தெரிந்தவன் தெரியாதவனை ஏமாற்றுவதற்கு வசதியாக நடுவில் இருக்கிற மொழி. தாலுகா ஆபீஸ் வாசலில் ஆங்கில ஃபாரத்தை வைத்துக்கொண்டு யாராவது எழுதித் தரமாட்டார்களா என்று நிற்கிறவர்களை நாமும்தான் பார்த்திருக்கிறோம்.

இப்போ வாகடூகுவுக்கு வருவோம். 

1969 பிப்ரவரி. ஃபிலிம் கிளப் நடத்திக்கொண்டிருந்த சினிமாப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து 'ஆப்பிரிக்க சினிமா வாரம்' ஒன்று போட்டார்கள். ஒருங்கிணைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அலிமாத்தா சலம்பேரே என்ற இளம்பெண். (பின்னாளில் அந்நாட்டின் கலாசார அமைச்சரே ஆனார்.) பிரெஞ்சு-வோல்டா கலாசார மையமும் கூட நின்றது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்கப் படங்களின் பிரதிகள் அன்றைக்கு பிரெஞ்சு அமைச்சகத்தின் அலமாரியில்தான் இருந்தன. ஏன்னா வாங்கி வைத்திருந்ததே அவர்கள்தான். 1963 முதல் பிரெஞ்சுக் கூட்டுறவு அமைச்சகத்தில் இதற்கென ஒரு சினிமா பிரிவு இருந்தது. ஆப்பிரிக்க இயக்குநர்களுக்கு எடிட்டிங், லேப் வசதி செய்து கொடுத்து, பதிலுக்கு வியாபாரம் சாராத திரையிடல் உரிமையை வாங்கிக்கொள்ளும். உதவியா, பிடியா? இரண்டும்தான்.

அந்த முதல் வாரத்தில் ஐந்து ஆப்பிரிக்க நாடுகளின் படங்கள். செனகல், நைஜர், கேமரூன், ஐவரி கோஸ்ட், அப்புறம் மேல் வோல்டா. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஆப்பிரிக்கர்கள் படம் எடுக்கிறார்கள், இதோ பாருங்கள் என்று ஆப்பிரிக்கர்களுக்கே காட்டுவதுதான் நோக்கம். ஜனம் வந்தது. தன்னைப் போன்ற முகத்தைத் திரையில் பார்க்க வந்தது. அடுத்த ஆண்டு ஒன்பது நாடுகள்.

அந்த இரண்டு வாரங்களுக்கு நடுவில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். 1970 ஜனவரியில் மேல் வோல்டா அரசு தியேட்டர்களை நாட்டுடைமை ஆக்கியது! உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மொத்தமே கையளவு தியேட்டர்தான். ஆனால் கொமாசிகோ, செக்மா என்ற இரண்டு யானைகளின் வாலைப் பிடித்து இழுத்துவிட்டது. தியேட்டர் நடத்த 'சோனாவோசி' என்று ஓர் அரசு நிறுவனம் வந்தது.

உடனே ஹேப்பி எண்டிங்கா? அதான் இல்லை. தியேட்டர் கைக்கு வந்தது, போட வேண்டிய படம் இன்னும் அந்தக் கம்பெனிகள் கையில். சர்வரைக் கைப்பற்றிவிட்டு டேட்டா எல்லாம் பழைய வெண்டரிடம் இருந்தால் எப்படி இருக்கும்? பேச்சுவார்த்தைக்குத்தான் போகணும். போனார்கள். ஆனாலும் ஒரு வேலை உருப்படியாக நடந்தது. டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி உள்நாட்டுப் படங்களுக்கு நிதி உண்டாக்கினார்கள். அதாவது ஹாலிவுட் கௌபாய்க்கும் பம்பாய் ஹீரோவுக்கும் ஜனங்கள் கொடுத்த காசில் ஒரு துளி மூரே படத்துக்குப் போனது. 1972இல் மமாது ஜிம் கோலா எடுத்த 'பறையரின் ரத்தம்' (தலைப்பு அப்படித்தான், நம்ம தமிழ்ச் சொல் பிரெஞ்சு வழியாக 'பாரியா' ஆகி மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது!) நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படமாக வந்தது. பத்து வருடம் கழித்து வந்த 'வெண்ட் கூனி'யைத் தயாரித்ததும் அந்த அரசின் சினிமா துறைதான்.

1972 ஜனவரியில் விழாவுக்கு அரசு முத்திரை கிடைத்தது, ஃபெஸ்பாகோ என்ற பேரும். அந்த வருடம்தான் முதல் பரிசு. பரிசின் பேர் 'யென்னெங்காவின் குதிரை'. யென்னெங்கா மோசிகளின் ஆதித்தாய். ராஜா மகள், போர்வீராங்கனை. அப்பன் கல்யாணம் பண்ணி வைக்க மறுத்ததால் குதிரையேறி ஓடிப்போய் காட்டில் ஒரு யானை வேட்டைக்காரனைக் கண்டு வாழ்ந்தாள். பிறந்த பிள்ளைக்குத் தன்னைக் கொண்டுவந்து சேர்த்த குதிரையின் நினைவாக வைத்த பேர் வெட்ராவோகோ, அதாவது ஆண்குதிரை. அந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இதுதான் குடும்பப் பெயர். 1991இல் 'தீலாய்' படத்துக்காக அந்தக் குதிரைப் பரிசை வாங்கிய இயக்குநரின் பேர் இத்ரிசா வெட்ராவோகோ. குதிரைக்கே குதிரை :-) 

முதல் குதிரையை வாங்கியவர் நைஜரின் உமரு கண்டா. இவர் கதை தனி. ஜான் ரூஷ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1958இல் 'நான், ஒரு கருப்பன்' என்று ஒரு படம் எடுத்தார். அதில் அபிஜான் துறைமுகக் கூலியாக நடித்தவர் கண்டா. இந்தோசீனப் போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவர். அடுத்தவர் கேமராவில் 'நான்' என்று பேசியது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, தானே கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார். 1981இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஃபெஸ்பாகோவில் முதல் படம் எடுப்பவர்களுக்கான பரிசு இன்றும் அவர் பேரில்தான் கொடுக்கப்படுகிறது.

இதற்கிடையில் செம்பேனுக்கு உள்ளூரிலேயே ஒரு மொழிச்சண்டை வந்தது. 1977இல் 'செத்தோ' (எழுத்தில் இரண்டு 'd') எடுத்தார். செனகல் ஜனாதிபதி செங்கோர் பெரிய பிரெஞ்சுக் கவிஞர், பிற்பாடு பிரெஞ்சு அகாதமியிலேயே உட்கார்ந்தவர். வோலோஃப் இலக்கணப்படி ஒரு 'd'தான் வர வேண்டும் என்று சொல்லிப் படத்துக்குத் தடை! செம்பேன் எழுத்தை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செங்கோர் பதவியில் இருந்தவரை படம் செனகலில் வரவில்லை. மதத்தையும் அரசையும் படம் தொட்டதுதான் உண்மைக் காரணம் என்று பலரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் ஒரு மெய்யெழுத்துக்காகப் படத்தை நிறுத்த முடிந்தது என்பதுதான் ஆச்சரியம். பிரெஞ்சில் கவிதை எழுதுகிறவர் வோலோஃபில் படமெடுக்கிறவருக்கு வோலோஃப் எழுத்துப்பிழை திருத்துகிறார்.

1983இல் தோமா சங்காரா ஆட்சிக்கு வந்தார். (பேரைப் பார்த்துப் பாலக்காட்டுப் பக்கம் தேட வேண்டாம்.) 33 வயசு ராணுவக் கேப்டன். அடுத்த வருடமே நாட்டின் பேரைத் தூக்கி எறிந்து புர்கினா ஃபாசோ என்று வைத்தார். மூரேயில் ஒரு வார்த்தை, ஜுலாவில் ஒரு வார்த்தை. நேர்மையானவர்களின் நாடு. விழாவைத் தெருவுக்கு இழுத்து வந்தவர் அவர். 1985இல் தம்பாவோ ரயில்பாதையை ஊரே சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தபோது விழாவுக்கு வந்த இயக்குநர்களும் போய்த் தண்டவாளம் போட்டார்கள்.

1987 பரிசு மெட் ஹோண்டோவின் 'சரவுனியா'வுக்கு. 1899இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்த நைஜர் ராணியின் கதை. நைஜர் அரசு படப்பிடிப்புக்கு அனுமதியை விலக்கிக்கொண்டதால் சங்காராவின் புர்கினாவில் எடுத்தார்கள். மெட் ஹோண்டோவின் பிழைப்பு என்ன தெரியுமா? பிரான்ஸில் டப்பிங் கலைஞர். எட்டி மர்ஃபியின் பிரெஞ்சுக் குரல் இவர்தான், 'ஷ்ரெக்' கழுதையும் இவர்தான். ஹாலிவுட்டுக்குத் தன் பிரெஞ்சை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டே, பிரான்ஸைத் திட்டிப் படம் எடுத்த மனிதர். 2019 மார்ச் 2ஆம் தேதி, ஃபெஸ்பாகோவின் ஐம்பதாவது ஆண்டு விழா முடிகிற அன்று இறந்தார். சங்காராவோ அந்த 1987 பரிசளிப்பு முடிந்த அதே வருடம் அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்தில் உட்கார்ந்த கம்பவோரே 27 வருடம் எழுந்திருக்கவில்லை. 

சங்காராவைப் புகழ்கிறவர்கள் அவர் போனதும் விழா செத்தது என்பார்கள். அது உண்மை இல்லை. விழா பெரிசாகிக்கொண்டேதான் போனது. ஊர் நடுவில் ஃபிலிம் ரீல்களும் லென்ஸும் அடுக்கியது போல ஒரு நினைவுத்தூண் உண்டு, திரைப்படக்காரர்கள் சதுக்கம் என்று பேர். ஒவ்வொரு விழாவின்போதும் அதைச் சுற்றிவந்து, மறைந்த கலைஞர்களுக்காகத் தரையில் நீர் வார்ப்பார்கள். செம்பேன் எப்போது வந்தாலும் ஓட்டல் இண்டிபெண்டென்ஸில் முதலாம் எண் அறையில்தான் தங்குவார். நீச்சல்குளத்தோரம் புகை பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், இளசுகள் பயந்து பயந்து வந்து பேசுவார்கள். 2007இல் அவர் காலமானார். 2014 அக்டோபரில் கம்பவோரேயைத் துரத்த மக்கள் திரண்டபோது, நாடாளுமன்றத்தோடு சேர்ந்து அந்த ஓட்டலும் எரிந்தது. 

செத்தது வேறொன்று: தியேட்டர்கள். விழா நடக்கும் ஒரு வாரம் ஊரில் டிக்கெட் கிடைக்காது. மற்ற நாட்களில் கூட்டம் இல்லை. வீடியோ வந்தது, டிவி வந்தது, அரசு நிறுவனம் மூடப்பட்டது, தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பதினாலு நாட்டுக்கும் சேர்த்துப் பட விநியோகம் செய்ய வாகடூகுவில் ஆரம்பித்த கூட்டு நிறுவனம் 1980களின் நடுவிலேயே கலைந்தது. 1976இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியை 1987இல் மூடிவிட்டார்கள். படத்தை யார் காட்டுவது என்ற கேள்வியில் ஆரம்பித்த விழா அது. அந்தக் கேள்விக்குப் பதில் விழாவால் வரவில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. 1972 முதல் 2003 வரை பரிசு வாங்கிய படங்களைப் பட்டியல் போட்டால், ஆங்கிலேயர் ஆண்ட நாட்டிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான், 1989இல் கானாவின் 'ஹெரிடேஜ் ஆஃப்ரிக்கா'. 2005இல்தான் தென்னாப்பிரிக்காவின் 'ட்ரம்', அடுத்த முறை நைஜீரியரின் 'எஸ்ரா'. போட்டிக்கு ஃபிலிம் பிரதிதான் வேண்டும் என்ற விதியை வேறு வைத்திருந்தார்கள், 2015இல்தான் டிஜிட்டலை உள்ளே விட்டார்கள். அதுவரை கேசட்டிலும் சிடியிலும் ஆப்பிரிக்கா முழுக்க வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த நைஜீரிய நோலிவுட், அந்தப் போட்டிக்குள் நுழையவே வழியில்லை. ஃபிலிம் பிரதி போடக் காசு யாரிடம் இருக்கும்? ஐரோப்பிய நிதி வாங்கியவர்களிடம். கம்பெனிகள் வைத்த பூட்டை உடைத்தவர்கள் தாங்களே ஒரு ஃபார்மேட் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் என் வாசிப்பு.

2022இல் மறுபடி ராணுவப் புரட்சி, அதுவும் ஒரே வருடத்தில் இரண்டு. இப்ராஹிம் ட்ராவோரே என்ற 34 வயதுக் கேப்டன் வந்தார். அடுத்த வருடக் கடைசியில் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூரே, ஜுலா, பிஸ்ஸா, ஃபுல்ஃபுல்டே உள்ளிட்ட நாட்டு மொழிகள் அதிகார மொழிகள் ஆயின. பிரெஞ்சு வெறும் 'வேலை மொழி' ஆகக் கீழே இறங்கியது. படிக்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அரசுதான் பிரெஞ்சு வானொலியையும் டிவியையும் நிறுத்தியதோடு, விமர்சித்த உள்ளூர்ப் பத்திரிகையாளர்களைப் பிடித்துப் போர்முனைக்கும் அனுப்பியது. தாய்மொழி கிடைத்தது, அதில் என்ன பேசலாம் என்பதற்கு மறுபடி பர்மிஷன். தியெங் இப்போது வந்து நின்றால் ஃபாரத்தை அவனால் படிக்க முடியலாம். கவுண்டர் திறந்திருக்குமா என்பது வேறு.

2025 விழாவில் குதிரை 'கடங்கா, தேள்களின் நடனம்' படத்துக்குப் போனது. இயக்கியவர் தானி குயாத்தே. 1997இல் கபோரேயின் 'பூத் யாம்' வாங்கியதற்குப் பிறகு 28 வருடம் கழித்து ஒரு புர்கினா படம் வாங்கிய பரிசு. ('பூத் யாம்' வேறொன்றுமில்லை, 'வெண்ட் கூனி'யின் இரண்டாம் பாகம். அதே ஊமைச் சிறுவன், நடித்ததும் அதே செர்ஜ் யானோகோ, பதினைந்து வருடம் வளர்ந்து இளைஞனாகி.) தானி குயாத்தேயின் அப்பா சோத்திகி குயாத்தே. பேர் புதுசாக இருக்கலாம், முகம் நமக்குத் தெரிந்ததுதான். பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் மல்லிகா சாராபாய் திரௌபதியாக நின்ற சபையில், ஒல்லியாக, நெடுநெடுவென்று உட்கார்ந்திருந்த பீஷ்மர். பரம்பரைக் கதைசொல்லிக் குடும்பம். அந்த நாடகம் 1985இல் அவிஞோனில் அரங்கேறியபோது அவர் பீஷ்மராகப் பேசியது பிரெஞ்சில். 

மகனின் படம் கருப்பு வெள்ளை. கதை ஷேக்ஸ்பியரின் மேக்பெத். பாத்திரங்கள் பேசுவது மூரே. பரிசு கொடுத்து மூன்று வாரம் ஆவதற்குள், மார்ச் மாதத்திலேயே, புர்கினா ஃபாசோ பிராங்கோஃபோன் நாடுகளின் அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கபோரேயின் பேசாத பையனுக்கு 1985இல் ஒட்டிய அந்த லேபிளை இனி குயாத்தேயின் மேக்பெத்துக்கு ஒட்டுவார்களா என்று தெரியவில்லை. வெளியூர்க்காரர்களுக்காகப் படத்தின் அடியில் ஓடுகிற எழுத்து மட்டும் இன்னும் பிரெஞ்சுதான்.